வயிற்றில் மாஸ்

விஜயராணிக்கு வயிறு வலித்த ஐந்து மாதத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வாயு என்றாள் அண்ணன் பெண்டாட்டி. குடல் ஏறிக்கொண்டது என்றாள் எண்ணெய் தடவுகிறவள். சாப்பாட்டில் நார் இல்லை என்றாள் வேலைக்குப் போகிற வீட்டு மாமி. வயது நாற்பத்தாறு, தீட்டு நிற்கிற பருவம், அப்படித்தான் இருக்கும் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். சரியான காரணத்தைச் சொன்னவர் ஒரே ஒருத்தர், எங்கள் சந்துக்கு வெளியே தவாகானா என்கிற சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர். அவர் சொன்னது ஒரு வார்த்தை. அதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்தவள் மீனாட்சியம்மாள். அந்த ஒரு வார்த்தையால் வந்ததுதான் இவ்வளவும்.

விஜயராணி எனக்கு மகள் முறை. என் பெரியம்மாவுக்கு நாலு பெண்கள். மூன்றாவது பெண்ணுக்கு மூத்தவன் கணேசபாண்டியன், நடுவில் இரண்டு தங்காமல் போய், கடைசியாக இவள். நாங்குநேரிப் பக்கத்து ஊர். கணேசபாண்டியன் தாராவிக்கு முதலில் வந்து, பார்சல் ஆபீஸில் மூட்டை ஏற்றுகிற வேலையில் சேர்ந்து, மீனாட்சியம்மாளைக் கட்டினான். மீனாட்சியம்மாளின் பெரியப்பா மகன் பூதத்தான். அவனுக்கு விஜயராணியைக் கொடுத்தார்கள். பெண் எடுத்த இடத்திலேயே பெண் கொடுத்தது. அப்போது அவளுக்கு இருபது வயது.

பூதத்தான் தோல் பட்டறையில் பெல்ட் வெட்டுகிறவன். ஆறு வருஷம் வைத்திருந்தான். பிள்ளை இல்லை. ஏழாம் வருஷம் பட்டறைக்கு வந்த ஒரு மராட்டிக்காரியைக் கூட்டிக்கொண்டு கல்யாண் ஊருக்குப் போய்விட்டான். ஊர்ச் சங்கத்தில் வைத்துக் கேட்டபோது எல்லோர் முன்னாலும் அவன் சொன்னது, "அவ வயித்துல ஒண்ணும் நிக்காது. நான் என்னத்தச் செய்ய?" கேட்டவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். அவளும் அங்கேதான் நின்றாள்.

அன்றிலிருந்து அண்ணன் வீடு. வீடு என்றால் கோலி என்று இங்கே சொல்கிற ஒற்றை அறை. அதற்கு மேலே பலகை அடித்து ஒரு மாலா. இரும்பு ஏணி வைத்து ஏற வேண்டும். நிமிர்ந்து உட்கார முடியாது. பழைய மூட்டைகளோடு மூட்டையாக இருபது வருஷம் அதில் படுத்தாள்.

காலை ஏழு மணிக்கு மாட்டுங்காவில் ஷ்யாமளா மாமி வீட்டில் நிற்க வேண்டும். பாத்திரம், துணி, காய் நறுக்குவது, சப்பாத்தி தேய்ப்பது. திரும்பி வர மூன்று மணி. எங்கள் சந்துக்குப் பத்து கதவு உள்ள ஒரே சண்டாஸ், பொதுக் கக்கூஸ். அதிலும் பெண்கள் பக்கம் நாலு கதவு, ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஆறு மணிக்கு வாளியோடு வரிசையில் நின்றால் உள்ளே போய் உட்கார்ந்த மறு நிமிஷம் கதவைத் தட்டுவார்கள். "ஏ அக்கா, உள்ள குடும்பமா நடத்துத? வெளிய வா!" தட்டுகிற சத்தத்தில் வருவதும் உள்ளே போய்விடும். அப்படியே எழுந்து வேலைக்கு ஓடுவாள். மாமி வீட்டில் மூன்று பாத்ரூம். மூன்றையும் கழுவுகிறவள் இவள்தான். உட்கார அனுமதி இல்லை. அதனால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டாள். காலையில் அரை டம்ளர் டீ, மத்தியானம் நாக்கு நனைகிற அளவு தண்ணீர். குடித்தால்தானே போக வேண்டும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை என்று இருந்தது நாலு நாளுக்கு ஒரு தடவை ஆனது. ஆனவுடன் அதுவே வழக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

பங்குனியில் வலி தொடங்கியது. அடிவயிற்றில், இடது பக்கம். வந்து முறுக்கிவிட்டுப் போகும். மாமி வீட்டில் சப்பாத்திக் கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

"என்ன விஜயா, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்திருக்கு?"

"வயிறு வலிக்கி மாமி. அஞ்சு நாளாச்சி, போவல."

"அதானே பாத்தேன். நீங்கள்லாம் பாவ் ரொட்டியும் பட்டாணியுமா தின்னுண்டு, ஒரு காய்கறி கிடையாது. வயிறு என்ன பண்ணும், பாவம்!" மாமி மேஜை டிராயரிலிருந்து இசப்கோல் டப்பாவை எடுத்தாள். "இந்தா, ரெண்டு ஸ்பூன் போட்டு ஒரு சொம்பு ஜலம் நன்னா குடிக்கணும். ஜலம் கம்மியா குடிச்சியோ, உள்ளயே பசையா கட்டிண்டுடும், தெரிஞ்சுக்கோ."

"அம்புட்டுத் தண்ணி குடிச்சா ஒதுங்கணுமே மாமி. அந்தப் பின்பக்கத்து பாத்ரூமுல..."

மாமி டப்பாவின் மூடியை மெதுவாகத் திருகினாள். "அது நிகில் வந்தா யூஸ் பண்றதுடி. அவனுக்கு அதெல்லாம் பிடிக்காது. கீழே வாட்ச்மேன் ரூம் பக்கத்துல இருக்கே ஒண்ணு, நீ பாத்ததில்லையோ?"

நிகில் அவள் மகன். வெளிநாட்டில் இருக்கிறான். கடைசியாக வந்து மூன்று வருஷம் ஆகிறது. வாட்ச்மேன் ரூம் பக்கத்தில் இருப்பதற்குக் கதவு பாதிதான் உண்டு. விஜயராணி இசப்கோலை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி விழுங்கினாள். ஷ்யாமளா மாமி கெட்டவள் இல்லை. தீபாவளிக்குப் புதுப் புடவைதான் கொடுப்பாள், கட்டியது கொடுக்க மாட்டாள். அன்றைக்கும் அவளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினாள், மூன்று பாத்ரூமையும் கழுவிவிட்டுப் போகச் சொல்லி.

வைகாசியில் முகம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு தெரிந்தது. வயிறு மட்டும் ஏறிக்கொண்டு வந்தது. ஏணிப்படியில் நின்று நின்று ஏறுவதைப் பார்த்து மீனாட்சியம்மாள் கீழேயிருந்து சொல்வாள், "என்னளா இந்தப் பாடு படுத? புள்ளத்தாச்சிகூட இப்படி முக்க மாட்டா!"

"பைய ஏறுதேன் மயினி."

"ஏறு ஏறு. ஏணி ஒடஞ்சா ஒன் மாட்டுங்கா மாமியா வாங்கித் தருவா?"

குடலேற்றம் எடுக்கிறவள் வந்தாள். விஜயராணியை மல்லாக்கப் போட்டு, விளக்கெண்ணெய் தடவி, விரலை அடிவயிற்றில் பதித்து மேலிருந்து கீழே இழுத்தாள். இவள் அலறினாள். "சத்தம் போடாத தாயி. ஏறுன குடலு எறங்குத வலி அது" என்று சொல்லிச் சொல்லி இழுத்தாள். மீனாட்சியம்மாள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மறுநாள் வயிற்றில் நாலு விரல் தடம் கறுத்திருந்தது. மலம் ரிப்பன் மாதிரி மெலிந்து வந்தது, கூடவே இரத்தம். மூலமாக இருக்கும் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். இரத்தம் வருகிற இடத்தின் பெயரை அந்த வீட்டில் யாரிடம் சொல்வாள்?

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகப் போனதும், கணேசபாண்டியன் சொன்னான், "டாக்டருட்டக் காட்டிட்டு வாங்க. வேலைக்குப் போவாம படுத்துக்கிட்டா என்னத்துக்கு ஆவும்?" மீனாட்சியம்மாள் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், மராட்டிக்காரர், தமிழ் தெரியாது. விஜயராணியைத் திரைக்குப் பின்னால் படுக்கச் சொல்லி, தீட்டு எப்போது வந்தது என்று இந்தியில் கேட்டார். மூன்று மாதமாக இல்லை என்றாள். இடது பக்கம் கையை வைத்து அழுத்தினார். அவள் கத்திய கத்தலில் வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் திரையை விலக்கி வெளியே வந்து கை கழுவினார். ஸ்டூலில் இருந்த மீனாட்சியம்மாளிடம் சொன்னார்:

"பேட் மே மாஸ் லக் ரஹா ஹை. சோனோகிராஃபி கர்னா படேகா."

வயிற்றில் ஒரு கட்டி கையில் தட்டுகிறது, ஸ்கேன் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். மாஸ் என்றால் இங்கிலீஷில் கட்டி. மும்பையில் பிறந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு இது விளங்கியிருக்கும். மீனாட்சியம்மாளின் இந்தி காய்க்காரனிடம் விலை கேட்கிற இந்தி. பேட் என்றால் வயிறு என்று தெரியும். ஒருத்தி பேட் ஸே இருக்கிறாள் என்றால் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று தெரியும். மாஸ் என்று டாக்டர் சொன்னது அவள் காதில் மாசம் என்று விழுந்தது. மாசமாக இருக்கிறாள் என்றுதானே நம் ஊரில் சொல்கிறோம். சோனோகிராஃபியும் எங்கள் சந்துப் பெண்கள் எடுத்தது எல்லாம் அந்த ஒரு காரியத்துக்குத்தான்.

அவள் ஸ்டூலை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டாள். "கித்னா?" என்று கேட்டாள். எத்தனை மாசம் என்று அவள் கேட்டாள். எவ்வளவு பெரிய கட்டி என்று கேட்கிறாள் என நினைத்து அவர் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார், "சார் பாஞ்ச் ஹோகா." நாலைந்து சென்டிமீட்டர். அவளுக்கு அது நாலைந்து மாதம். "ஜல்தி கரோ, தேர் மத் கர்னா" என்றும் சொன்னார். சீக்கிரம் செய்யுங்கள், தாமதிக்க வேண்டாம் என்று. எதைச் சீக்கிரம் செய்யச் சொல்கிறார் என்று மீனாட்சியம்மாளுக்கு நன்றாகப் புரிந்தது.

விஜயராணி புடவையைச் சரி செய்துகொண்டு வந்தாள். "என்ன சொன்னாரு மயினி?"

"நட."

ரோட்டுக்கு வந்ததும் மீனாட்சியம்மாள் சீட்டை நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டாள்.

"ஏன் மயினி கிழிச்சிய?"

"அவன் எழுதத்தான் செய்வான். வாயுதான். வீட்டுலயே பாத்துக்கிடலாம்."

வீட்டில் மகள் ரஞ்சனா இருந்தாள். இருபது வயது, பி.காம் கடைசி வருஷம். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள். "டாக்டர் க்யா போலா மம்மி? அத்தைக்கு என்னவாம்?"

"நீ வெளிய போ."

"அரே, நான் கேக்கக்கூடாதா?"

"கட்டிக்குடுக்காத பொட்டப்புள்ள கேக்க பேச்சு இல்ல இது. போட்டி, சஃப்ரீன் வீட்டுல போயி இரி!"

அவள் போய்விட்டாள். விஜயராணி ஏணி ஏறி மாலாவில் படுத்தபின், புருஷன் காதில் மீனாட்சியம்மாள் விஷயத்தைச் சொன்னாள். கணேசபாண்டியன் முதலில் நம்பவில்லை.

"டாக்டரு அவன் வாயால சொன்னானா?"

"என் ரெண்டு காதாலயும் கேட்டேன். மாஸ்ன்னான். நாலஞ்சுன்னான்."

"மராட்டிக்காரன் நம்ம பாசையிலயா சொல்லுவான்? ஒனக்குச் சரியா வெளங்குச்சா?"

சரியான கேள்வியைத்தான் கேட்டான். அந்த இடத்தில் மகளைக் கூப்பிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மீனாட்சியம்மாள் சொன்னாள், "தீட்டு எப்பம் வந்துச்சின்னும் கேட்டான். மூணு மாசமா இல்லங்கா ஒங்க தங்கச்சி. காலையில காலையில வாந்தி. வயித்தப் பாக்கலையா நீங்க? நான் மூணு பெத்தவ, எனக்கா தெரியாது?" மூன்று பெற்று இரண்டு போனது, அது உண்மை. கணேசபாண்டியன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். ரஞ்சனாவுக்குச் சேம்பூரில் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம்தான் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

விஜயராணியிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் யார் பெயரையாவது சொல்லிவிடுவாள். சொன்னால் அவன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும், சந்து முழுக்கத் தெரியும். அதனால் கேட்காமலே முடிப்பது என்று முடிவு செய்தார்கள். ஒரே ஒரு ஆளிடம் மட்டும் மீனாட்சியம்மாள் போனில் கேட்டாள். கல்யாணில் இருக்கிற பூதத்தானிடம். "அண்ணன், ஒங்கிட்ட எப்பமாவது வந்தாளா?" அவன் இருபது வருஷமாக அவள் முகத்தைப் பார்க்காதவன். ஏன் கேட்கிறாய் என்றான். இவள் சொல்லிவிட்டாள், அவன் போனிலேயே சந்துக்குச் சொல்லிவிட்டான்.

நாலு நாள் அவளோடு யாரும் பேசவில்லை. தட்டைத் தனியாக வைத்தார்கள். வேலைக்குப் போக வேண்டாம் என்றார்கள். அவள் ஏணியில் இறங்கினால் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தான் வேலைக்குப் போகாததால் கோபம் என்று நினைத்து, "திங்கக்கிழம போயிருதேன் அண்ணன்" என்றாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அந்த நாலு நாளும் அவளுக்கு மலம் மட்டுமல்ல, காற்றுகூடப் பிரியவில்லை. காலையில் அறை மூலையில் தண்ணீர் புழங்குகிற மோரியில் குனிந்து வாந்தி எடுத்தாள். எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்து திறந்து மூடின.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரஞ்சனாவை மான்குர்த்தில் அவள் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு மீனாட்சியம்மாள் ஏணிக்குக் கீழே நின்று கூப்பிட்டாள். "ராணி, எறங்கி வா தாயி." அந்தக் குரலில் அவள் கூப்பிட்டு விஜயராணி கேட்டதே இல்லை. சுனாபட்டியில் இந்த மாதிரிக் காரியங்களுக்கு மருந்து காய்ச்சுகிற ஒருத்தியிடம் வாங்கி வந்த கஷாயம் சொம்பில் இருந்தது. கறுப்பாக, கெட்டியாக.

"இதக் குடி. உள்ள இருக்கது எறங்கிரும்."

விஜயராணிக்குக் கண் நிறைந்துவிட்டது. "மலத்துக்கா மயினி? எனக்குன்னு போயி வாங்கிட்டு வந்தியளா?"

"மூக்கப் பிடிச்சிக்கிட்டு ஒரே மடக்காக் குடி."

குடித்தாள். கசப்பில் உடம்பு உதறியது. சொம்பின் அடியைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள், "இன்னும் கொஞ்சம் இருந்தாத் தாங்க மயினி. ஒண்ணும் மிச்சமில்லாம போயிரட்டும்."

மீனாட்சியம்மாள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

ஒரு மணி நேரத்தில் தொடங்கியது. அடைத்துக்கொண்ட குடலை மருந்து உள்ளேயிருந்து முறுக்கியது. தரையில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, பக்கத்தில் வாளி வைத்து, மீனாட்சியம்மாள் டிவியைச் சத்தமாக வைத்தாள். கதவைச் சாத்தினாள். விஜயராணி விரிப்பில் உருண்டாள். பெஞ்சுக் காலைக் கடித்தாள். இரத்தம் வரும் என்று மீனாட்சியம்மாள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டு மணிவாக்கில் திடீரென்று வலி நின்றது. குடல் கிழிந்தால் கொஞ்ச நேரம் அப்படித்தான் ஆறுதலாக இருக்குமாம், பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். "சரியாப்போச்சி மயினி" என்று அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு வயிறு பலகை மாதிரி ஆனது. தொட விடவில்லை.

இரண்டு மணிக்குக் கணேசபாண்டியன் வந்தான். "இன்னுமா முடியல?" என்றான் பெண்டாட்டியிடம். பிறகு தங்கை பக்கத்தில் குந்தினான். ஐந்து நாள் கழித்து முதல் தடவையாக அவளோடு பேசினான்.

"யாருளா அவன்?"

"யாரு அண்ணன்?"

"நடிக்காத. ஒன் வயித்துக்குக் காரணம் யாரு?"

விஜயராணிக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. "காரணமா? மாமி நாருங்கா. மயினி வாயுங்கா..." என்று சொல்லிக்கொண்டே போனாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து ஓங்கிக் கன்னத்தில் அறைந்தான். அறை வாங்கிய பிறகுதான் அவளுக்கு விளங்கியது. அண்ணன் முகத்தையும் மயினி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நாலு மணிக்கு ரஞ்சனா திரும்பி வந்து கதவைத் தட்டினாள். திறக்காததால் உதைத்தாள். உள்ளே வந்து அத்தையைப் பார்த்து, அம்மாவைப் பிடித்து உலுக்கினாள். "டாக்டர் என்ன வேர்ட் மம்மி சொன்னாரு? கரெக்டா அந்த வேர்ட் சொல்லு!"

"மாஸ்ன்னு சொன்னான். போதுமா?"

"மாஸ்?" அவள் வாளியையும் சொம்பையும் பார்த்தாள். "மம்மி, மாஸ்னா கட்டி! பேட்ல கட்டி இருக்குன்னு சொல்லிருக்காரு மம்மி!"

"கட்டியோ குட்டியோ, சத்தம் போடாத. சந்துல ஆளு நிக்கி."

"ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போலாம் பப்பா, உட்டோ!"

கணேசபாண்டியன் எழுந்தான். மீனாட்சியம்மாள் கதவுக்குக் குறுக்கே நின்றாள். "கொண்டு போனா என்ன குடிச்சான்னு கேப்பான். போலீசு வரும். கொஞ்சம் பொறுங்க, தானா அடங்கிரும்." அவன் மறுபடியும் உட்கார்ந்தான். ரஞ்சனா பிறகு சொன்ன அதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். என் பெரியம்மா பேரன் மறுபடியும் உட்கார்ந்தான்.

ரஞ்சனா அம்மாவைத் தள்ளிவிட்டு ஓடி, நாலாவது வீட்டு சஃப்ரீனைக் கூட்டி வந்தாள். சஃப்ரீன் தாராவியிலேயே பிறந்தவள், பெரிய ஆஸ்பத்திரி வார்டில் ஆயா வேலை. ஒரு பார்வை பார்த்தாள். "யா அல்லா! ராணி அக்கா, கண்ணத் தொற!" என்றாள். திரும்பி மீனாட்சியம்மாளிடம், "ஹட்டோ. நீ நவுரலேன்னா நான் இங்கேயே நின்னு கத்துவேன்" என்றாள். இரண்டு பெண்களும் போர்வையில் தூக்கி டாக்ஸியில் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்ட கேள்வி, கடைசியாகக் காற்று எப்போது பிரிந்தது என்பது. சஃப்ரீன் கேட்டுச் சொன்னாள்: ஐந்து நாள். இரண்டாவது கேள்வி, பேதிக்கு ஏதாவது கொடுத்தீர்களா. அதற்குள் வந்து சேர்ந்திருந்த மீனாட்சியம்மாள் முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. சுக்குத்தண்ணி." பொழுது சாய்வதற்குள் வயிற்றைத் திறந்தார்கள். பெரிய டாக்டர் பிறகு ரஞ்சனாவிடம் சொன்னார். அடிவயிற்று வலியும் மலச்சிக்கலும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் சின்னக் காரணம்தான், தண்ணீர் குடிக்காதது, அடக்கி அடக்கி வைப்பது. கருப்பையில் கட்டியாக இருக்கலாம், குடல் முறுக்காக இருக்கலாம். இவளுக்குப் பெருங்குடல் முடிகிற இடத்தில் புற்று. இரத்தம் போனபோதே வந்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை வந்திருந்தால்கூடக் குடல் கிழிந்திருக்காது, வெட்டி எடுத்துவிட்டு ஒரு பையை வைத்து அனுப்பியிருப்போம். இப்போது வயிறு முழுக்க மலம் பரவிவிட்டது.

ஆறு நாள் கிடந்தாள். அதில் இரண்டு நாள் நினைவு இருந்தது. நினைவு வந்ததும் சஃப்ரீனிடம் கேட்டாள், "அப்பம் அந்தக் கஷாயம் மலத்துக்கு இல்லயா?"

சஃப்ரீன் துணியை நனைத்து அவள் உதட்டில் வைத்தாள்.

"நானா கேட்டு இன்னுங் கொஞ்சம் வாங்கிக் குடிச்சேனே" என்றாள் விஜயராணி. அதன் பிறகு அண்ணன் வந்தால் போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டாள். ரஞ்சனா வந்தபோது மட்டும் அவள் கையைப் பிடித்துச் சொன்னாள், "நான் அப்படி இல்லன்னு எல்லார்ட்டயும் சொல்லிரு என்ன. கட்டின்னு சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்." அவள் தன் வாழ்நாளில் ஒருவரிடம் கேட்டு நான் அறிந்தது, மாமியிடம் பாதி கேட்ட பாத்ரூமுக்கும் அந்தக் கூடுதல் கஷாயத்துக்கும் அடுத்தபடி, இதுதான்.

சனிக்கிழமை காலை பிணம் வந்தது. குளிப்பாட்ட ஏழெட்டுப் பெண்கள் சேலையால் மறைப்புக் கட்டினோம். போர்வையை விலக்கியதும் தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை தையல் தெரிந்தது. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எடுத்துட்டாங்க போல."

"நாலஞ்சு மாசம்னா வெட்டித்தான எடுக்கணும்."

அது மீனாட்சியம்மாள் காதில் விழுந்தது. கட்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கட்டி என்றால், டாக்டர் செவ்வாய்க்கிழமையே சொன்னதை என்ன செய்தாய் என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு என்ன கொடுத்தாய் என்று கேட்பார்கள். அவள் செம்பில் தண்ணீர் மொண்டு பிணத்தின் மேல் ஊற்றினாள். நன்றாக, தலை முதல் கால் வரை ஊற்றினாள்.

பத்து மணிக்குக் கல்யாணிலிருந்து பூதத்தான் வந்தான். தாலி கட்டியவன் அவன், கொள்ளி வைக்க வேண்டியவன். வாசலில் நின்று, ஆண்கள் எல்லோரும் கேட்கக் கேட்டான், "எத்தன மாசம்னு டாக்டரு சொன்னான்?"

எல்லோரும் மீனாட்சியம்மாளைப் பார்த்தார்கள்.

"செத்துப்போனவளப் பத்தி இப்பம் என்னத்துக்கு அண்ணன்" என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்துக்கு அது போதும்.

ரஞ்சனா உள்ளேயிருந்து வந்தாள். "கேன்சர் மாமா! அத்தைக்கு கேன்சர்! குடல்ல கட்டி!"

"ஆமாமா, கட்டிதான்" என்றான் பூதத்தான். "கை கால் மொளச்ச கட்டி." பின்னால் நின்ற இரண்டு பேர் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள். "படிச்ச புள்ள, அத்தைய விட்டுக்குடுக்குமா? என்னமும் சொல்லத்தான் செய்யும்." சேம்பூர்க்காரர்கள் துக்கத்துக்கு வந்து ஓரமாக நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் கணேசபாண்டியன் மகளின் மேல்கையைப் பிடித்து உள்ளே தள்ளினான். தள்ளிக் கதவைச் சாத்தினான்.

கொள்ளி வைக்க மாட்டேன் என்று பூதத்தான் சொல்லிவிட்டான். அண்ணனே வைப்பது என்று ஆனது. அப்போது சஃப்ரீன் ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கொண்டு வந்து மீனாட்சியம்மாள் கையில் கொடுத்தாள். "இதுல எல்லாம் எழுதிருக்கு. யாராச்சும் இங்கிலீஷ் தெரிஞ்சவங்க சத்தமா படிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

"படிக்கலாம், படிக்கலாம். மொதல்ல எடுக்கட்டும்" என்றாள் மீனாட்சியம்மாள்.

பிணத்தோடு போக வேண்டிய அவளுடைய பழைய துணிகளும் பாயும் மாலாவிலிருந்து இறக்கி வாசலில் கிடந்தன. மீனாட்சியம்மாள் குனிந்து துணிகளை மடித்தாள். காகிதங்களை ஒரு புடவைக்குள் வைத்து, பாயோடு சேர்த்துச் சுருட்டி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, தூக்குகிறவன் கையில் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சந்து குறுகல், பாடையைச் சாய்த்துத்தான் கொண்டுபோக முடிந்தது. அதற்குப் பின்னால் பாயும் போனது.